ஈரமாகாத துணி

பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிப்போகும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் எங்கே போனாலும் நம்புவார்கள். மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்து மூன்று தலைமுறை ஆயிற்று. பேச்சில் பாதி ஹிந்தி கலந்துவிட்டது, சாப்பாட்டில் வடாபாவ் சேர்ந்துவிட்டது, இது மட்டும் மாறவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் என் மகளுக்கு இடது கிட்னி வீங்கித் தெரிந்தது. கிட்னிக்குள் சிறுநீர் வந்து சேருகிற பை சற்றுப் பெரிதாக இருக்கிறது, நிறையப் பிள்ளைகளுக்கு அமைப்பே அப்படித்தான், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். அடைப்பு இருந்தால் மட்டும் கிட்னி கெட்டுப்போகுமாம். அதனால் பிறந்த பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். அந்த 'இருந்தால்' என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு அம்மா இல்லை. என்னையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரரின் அக்கா நெருளிலிருந்து வந்தாள். மதினி கெட்டவள் இல்லை; அதுதான் தொல்லையே. மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, எனக்கு வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர். கிட்னி விஷயம் தெரிந்ததும் பிள்ளைக்கும் பத்தியம் வைத்துவிட்டாள். மார்பில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே பிடுங்கிக்கொள்வாள்.

"வீங்குன கிட்னிக்கு எதுக்குட்டி இவ்வளவு பாலு? உள்ள போறதக் கொறச்சா வீக்கம் தானா வத்தும்."

வீட்டுக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே, "அக்காவுக்குத் தெரியும்" என்றார். அக்காவுக்கு என்ன தெரியும்?

செம்பூரில் ஸ்கேன் எடுத்தோம். வீக்கமே இல்லை, நார்மல். மதினி சந்து முழுக்கப் பேடா கொடுத்தாள். "நான் தண்ணியக் கொறச்சேன், வடிஞ்சிட்டு" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் பேடா வந்தது, தண்ணீர் வரவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் பிள்ளைக்குக் கட்டிய துணி மத்தியானம் வரை காய்ந்தே கிடந்தது. பிறகு பார்த்தபோது செங்கல் நிறத்தில் ஒரு சின்னத் திட்டு, அவ்வளவுதான். பிள்ளை அழக்கூட இல்லை, தூங்கிக்கொண்டே இருந்தது. சமர்த்துப் பிள்ளை என்று மதினி திருஷ்டி கழித்தாள். நான் யாரிடமும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மாட்டுங்காவில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் எடை பார்த்தார், துணியைப் பார்த்தார், என் வறண்ட உதட்டையும் பார்த்தார்.

"குழந்தை காஞ்சு போயிருக்கு. பைப்புல தண்ணியே வரலேன்னா சாக்கடை அடைச்சிண்டிருக்கான்னு எப்படித் தெரியும்? இந்த ஸ்கேனை நம்பாதீங்கோ. முதல்ல நீங்க குடிங்கோ, குழந்தைக்கு வேணுங்கற மட்டும் பால் குடுங்கோ. அப்புறம் எடுக்கலாம்."

அங்கேயே உட்காரவைத்துப் பால் கொடுக்கச் சொன்னார். துணி நன்றாக நனைந்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்.

வீட்டுக்கு வந்து, மதினி பார்க்கப் பார்க்க, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். "இனி என் தண்ணியிலயும் பிள்ள பாலுலயும் கை வைக்காதீய, மதினி" என்றேன். அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

அடுத்த ஸ்கேனில் வீக்கம் தெரிந்தது, வயிற்றில் இருந்தபோது தெரிந்த அதே இடத்தில். மதினி தன் தம்பியிடம், "பாத்தியால, தண்ணி குடிச்சா, திரும்ப வந்துட்டு" என்றாள். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வீக்கம் எங்கேயும் போகவில்லை, பிள்ளை காய்ந்து கிடந்ததால் தெரியாமல் இருந்தது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் தலை குனிந்தது. நான் சொன்னபோது குனியவில்லை.

நல்லவேளை, அடைப்பு இல்லை. விட்டு விட்டு ஸ்கேன் எடுத்தோம். பிள்ளை நடக்கத் தொடங்கிய காலத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. சொந்தக்காரர் கல்யாணங்களில் மதினி இன்றும் சொல்கிறாள், அன்றைக்குத் தான் தண்ணீரைக் குறைத்ததால்தான் பிள்ளை பிழைத்ததாம்.

போன மாதம் கொழுந்தன் பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்தது. பார்த்துக்கொள்ள மதினி நெருளிலிருந்து பையோடு வந்து இறங்கினாள். நான் அவளுக்கு முன்பே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீர் வைத்து உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பெற்றவளின் கையில் செம்பைக் கொடுத்தேன். மதினியைப் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தேன்.