என் காலுக்கு இனி அந்த வேலை வேண்டாம்

நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மூன்று உதை விட்டால் முதுகுப் பிடிப்பு போய்விடும் என்பது மொரப்பூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர் நம்பிக்கை. நானும் இத்தனை வருடம் பெருமையோடு உதைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆவணியில் பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா வந்தார். வயது அறுபத்தைந்து. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதிலிருந்து முதுகு பிடித்துக்கொண்டதாம். "பயந்து பயந்து தொடாத புள்ள, பழைய வண்டிய ஸ்டார்ட் பண்ற மாதிரி உதை" என்றார். உதைத்தேன்.

மறுநாளும் வந்து, "நேத்து உதைச்சது பத்தலைங்குது முதுகு" என்று குப்புறப் படுத்தார். காலைத் தூக்கியவள், முதுகெலும்பின் இரு பக்கமும் சதை வீங்கியிருப்பதைப் பார்த்து நிறுத்தினேன். விரல் பட்டதற்கே அலறினார். உடனே தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

எலும்பு மெலிந்துபோய், முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது. சுற்றியிருந்த சதையிலும் வீக்கம். "இன்னொரு உதை விழுந்திருந்தா நரம்பு நசுங்கி, நடக்கவே முடியாம போயிருக்கலாம். யாரும்மா உதைச்சது?" என்றார் டாக்டர். எனக்கு உயிரே போய்விட்டது. அக்காவோ, "அவளைத் திட்டாதீங்க டாக்டர், நல்லாத்தான் உதைச்சா!" என்கிறார்.

மாத்திரையும் இடுப்பு பெல்ட்டுமாக அக்கா இப்போது நடமாடுகிறார். ஆனால் சொன்னால் கேட்கிறாரா? "அவ வூட்டுக்குப் போங்க, ராசியான காலுங்க" என்று இன்னும் ஆள் அனுப்புகிறார்! யார் வந்து குப்புறப் படுத்தாலும் என் கால் இப்போது ஒரே வேலைதான் செய்கிறது. அவர்களோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, எலும்பு டாக்டரிடம் போகச் சொல்லி ஏற்றிவிட்டுத் திரும்புகிறது.