கூறைச்சேலையில் ஒரு கடைசிக் காட்சி

சைக்கிளை மிதிக்காமல் சரிவில் விட்டால் பின்சில்லு கிறுகிறுவென்று ஓடும். அந்தச் சத்தத்தில் என் நினைவில் எப்போதும் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இருந்த எங்கள் வீட்டுக் கதவு திறக்கும். லண்டன் சித்தியின் கமரா ஓடத் தொடங்கும்.

வங்கி வேலையை விட்டுவிட்டு, கதை எழுதிப் படம் எடுக்கப்போகிறேன் என்று கிளம்பியவர் சித்தி. திரைப்படக் கல்லூரிக்கு ஒரு குறும்படம் அனுப்பவேண்டும். இடம் கிடைக்காவிட்டால் மறுபடி வங்கி என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசிக் காட்சிக்காக எங்களிடம் வந்தார். தையல் ஆலையில் வேலை முடிந்து ஒருத்தி வீடு திரும்புகிறாள், அவ்வளவுதான். அம்மா தினமும் செய்வது. கமராவில் ஒரு தடவைக்குத்தான் படச்சுருள் மிச்சம்.

அறையிலிருந்து அம்மா வந்தார். கல்யாணக் கூறைச்சேலை, கழுத்து நிறையச் சங்கிலி. அப்பா கோட்டுக்கு மேல் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, விருந்தாளிக்குப் பொரித்த பற்றிஸ் பலகாரத்தை மேசையில் அடுக்கினார்.

"என்னக்கா இது? பக்டரியால வாற மாதிரி எண்டெல்லே சொன்னனான்."

"நாலுபேர் பாக்கிற படத்தில பக்டரிக் கோலத்தில நிக்கிறதே? உனக்கென்ன விசரே?"

எங்கள் வீட்டில் கமரா என்றால் படம் ஊரில் உள்ள உறவுகளுக்குப் போகும். ஊருக்குப் போகும் படத்தில் யாரும் களைத்திருக்கக் கூடாது.

யன்னலில் டிசம்பர் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. மாற்றி உடுக்க நேரமில்லை. சித்தி மேசைவிளக்கை என் கையில் தந்தார். அம்மா வெளியே போய், கதவைத் திறந்து வந்து, நேராகக் கமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"இஞ்சேரும், இன்னும் கொஞ்சம் சிரியும்," என்றார் அப்பா.

"சரி, முடிஞ்சுது," என்றார் சித்தி.

அம்மா வாசலில் சப்பாத்து அடுக்கும் தட்டில் பொத்தென்று குந்தினார். விடியற்காலையிலிருந்து ஆலையில் நின்ற கால்கள். பட்டுக்கரையை ஒதுக்கி, சப்பாத்தைக் கழற்றி, குதிக்காலை அழுத்தினார். சிரிப்பு தானாகவே கழன்றது. கமராவை நிறுத்தப்போன சித்தியின் கை அந்தரத்தில் நின்றது. கிறுகிறுவென்று கமரா ஓடிக்கொண்டேயிருந்தது. நான் விளக்கைத் தாழ்த்தினேன். சித்தி ஒற்றை விரலால் உயர்த்தச் சொன்னார். அவர் கன்னம் நனைந்திருந்தது. அம்மா எல்லாவற்றையும் பிழையாக்கிவிட்டார், அதுதான் அழுகிறார் என்று நினைத்தேன்.

இன்று சித்தி எழுதி இயக்கிய படங்களுக்குக் கொப்பன்ஹேகனில் வரிசை நிற்கிறது. எல்லாம் முடிந்தது என்று படத்து மனிதர்கள் நினைத்த பிறகும் அவரது கமரா நகராது. நான் அந்த இடத்துக்காகவே படம் பார்க்கப் போகிறேன்.

அன்று படம் எடுத்த மறுநாள், ரயில் வந்தும் சித்தி அம்மாவைக் கட்டிப்பிடித்த கையை எடுக்கவில்லை. படத்தைக் கெடுத்தவரை ஏன் இப்படிக் கட்டிப்பிடிக்கிறார் என்று சின்னப் பிள்ளையான எனக்கு அப்போது விளங்கவில்லை.

"நான் சிரிச்ச இடத்தை மட்டும் வெட்டிப்போடாத, என்ன," என்றார் அம்மா.

"அது இல்லாமல் படமே இல்லையக்கா."