ஒன்பதாம் நாள் புறாப்பூ

நாடு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், அடைவதற்கு முந்தின வருஷம் காஜா பேராங் ஊரில் சொந்த லாரி வைத்திருந்த தமிழர் நல்லையா ஒருவர்தான். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ரப்பர் தோட்டத்தில் பால்வாளி தூக்கிய கையால் ஸ்டியரிங் பிடித்தவர். மரம் ஏற்றப் போய்ப் போய் ஆயர் குரோ காடு அவருக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. ஊதாப் பூப்பூக்கும் செண்டுடுக் புதர் எந்த ஓடையோரம் மண்டிக்கிடக்கும், புறாப்பூச் செடி எந்தக் கிளையில் ஒட்டியிருக்கும், எல்லாம் அத்துப்படி. துரைமார்கூடப் பார்த்திராத இடமெல்லாம் அவர் பார்த்திருந்தார்.

வெளியாட்கள் காட்டுக்குள் போகக்கூடாதென்ற அவசரகாலத் தடை நீங்கியதிலிருந்து, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சேதுராமனும் கூடவே நடப்பார். "நாளைக்கு வாங்க, பூத்திருக்கும்" என்பார் நல்லையா. போனால் புறாப்பூ கிளை கிளையாக வெள்ளை வெளேரென்று நிற்கும், வாசம் ஆளைத் தூக்கும். சாயங்காலமே வாடிவிடும். எப்படிய்யா நாள் தெரியுது என்று கேட்டால் மீசையைத் தடவிக்கொள்வார். திடீரென்று குளிரக் குளிர மழை கொட்டினால், அதிலிருந்து ஒன்பதாம் நாள். யாரும் சொல்லித்தராமல் தானாகப் பிடித்த கணக்கு. அதை மட்டும் சொல்லவில்லை.

"இதை பேப்பர்ல எழுதப்போறேன் நல்லையா. உங்க பேரைப் போட்டுத்தான்."

அன்றைக்கு நல்லையா பெண்டாட்டி ருக்மணியிடம் அதையே நாலு தடவை சொன்னார். "என் பேரு அச்சுல வரப்போகுதுடி!"

வந்தது. டீக்கடை ஷரீஃபுதீன் கடையே கேட்க வாசித்தார். மண்சாலை, இரண்டாவது மரப்பாலம், ஓடை, பெரிய மரம், ஒன்று விடாமல் இருந்தது.

"என் பேரு எங்க பாய்?"

ஷரீஃபுதீன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிராணி பேரு பெருசா இருக்கு. அப்புறம்... 'வழியில் ஒரு லாரிக்காரர் உதவினார்'னு ஒரு வரி."

டீ ஆறிப்போனது. நல்லையா அதைத் தொடவில்லை.

மறுவாரம் சேதுராமன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "நாற்பது பேர் பஸ் வச்சு வராங்க நல்லையா! பெரிய மழை பெஞ்சிருக்கு, ஞாயிற்றுக்கிழமை பூத்துடுமில்ல?"

நல்லையாவின் கணக்குக்கு ஒன்பதாம் நாள் சனிக்கிழமை.

"பூக்கும். கூட்டிட்டுப் போங்க."

சனிக்கிழமை காலை தனியாகப் போனார். காடே வெளுத்து நின்றது. "பாத்தீங்களா கிராணியாரே!" என்று பழக்கத்தில் திரும்பினார். பின்னால் ஓடைதான் இருந்தது. அந்த வருஷம்போல் பூத்ததே இல்லை, அதை யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை சேதுராமன் படியேறவில்லை, வாசலிலேயே நின்றார். "நாற்பது பேர் முன்னாடி மானம் போச்சு. எல்லாம் வாடித் தொங்குது. தெரிஞ்சேதான சொன்னீங்க?"

"பேரில்லாத லாரிக்காரனுக்கு நாளும் கிழமையும் எப்படித் தெரியும் கிராணியாரே?"

சேதுராமன் தலை குனிந்தபடி போனார். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். நல்லையா கூப்பிடவில்லை. அடுத்த குளிர்மழைக்கும் விரல்விட்டு எண்ணினார். ஒன்பதாம் நாள் ஆயர் குரோ காட்டுக்குப் போகாமல் லாரியைக் குருபோங் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.