ஒரே சாட்சி, இரண்டு மகஜர்

எண்பத்தேழில் ஆவடிப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் கஜபதியும் நானும் ஏட்டுகள். எழுத்து வேலை முழுக்க எங்கள் இருவர் கையில்தான். குற்றம் நடந்த இடத்துக்குப் போய், சாட்சிகள் முன்னால், கண்ணால் பார்த்து எழுத வேண்டியது மகஜர். நாங்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவோம். சாட்சிக்கு எதிர் டீக்கடை பஷீர் அகமது பாய் இருந்தார். காலி டீ கிளாஸை எடுக்க வரும்போதெல்லாம் இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எந்த இடம், என்ன திருட்டு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வினை அதில்தான் வந்தது. சேக்காட்டில் லோகநாயகி என்ற அம்மாவின் தாலிச் செயினை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். அதற்கு மகஜர் எழுதியவன் கஜபதி. அதே நாள் அண்ணனூர் சைக்கிள் திருட்டுக்கு நான் எழுதினேன். இரண்டிலும் மாலை நான்கு மணி, இரண்டிலும் பஷீர் பாய். இரண்டு வழக்குக்கும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவரே. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் எப்படி நின்றார் என்று கேட்டார். செயின் அறுத்தவன் விடுதலையாகிவிட்டான்.

கோர்ட் வராந்தாவில் லோகநாயகி அம்மா எங்களை மறித்தாள். "இன்னா சார், என் செயின் போனதே பொய்யா?"

நான் வாட்சைப் பார்த்தேன். கஜபதி தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த வருஷம் அவன் அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்தான். போலீஸ் புலனாய்வை நிர்வகிப்பது பற்றிய படிப்பு. எஸ்.ஐ. ஆவதுதான் அவன் வாழ்நாள் ஆசை, அதற்குப் பட்டம் கைகொடுக்கும் என்றான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! பழுப்புக் கவரில் பாடம் வரும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மின்சார ரயிலில் நின்றுகொண்டே படித்தபடி போவான். பாய் கடை பெஞ்சில் நான் கேள்வி கேட்பேன், அவன் பதில் சொல்வான். இன்ஸ்பெக்டர் "யோவ் எம்.ஏ." என்றுதான் கூப்பிடுவார்.

"ஏட்டய்யா, இப்பல்லாம் கையெழுத்தே கேக்க மாட்றீங்களே?" என்று பாய் ஒரு நாள் கேட்டார்.

"நீங்க டீ குடுத்தா போதும் பாய்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான் கஜபதி. எந்த வேகாத வெயிலிலும் நேரில் போய்ப் பார்த்துத்தான் மகஜர் எழுதினான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஃபேன் காற்று சுகமாக இருந்தது.

கடைசி வருஷம், தோற்றுப்போன ஒரு வழக்கை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். அவன் செயின் வழக்கை எடுத்தான்.

"வேற ஸ்டேஷன் கேஸ்னு எழுது மாமே. பேர மாத்தினா யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"அந்தம்மா கேட்டதுக்கு இதுலயாவது பதில் சொல்றேன்டா."

எம்.ஏ. கிடைத்தது. கூடவே மெமோவும் வந்தது. படிக்க அனுமதி கொடுத்த இலாகாவுக்கு அறிக்கையின் நகலைத் தர வேண்டும் என்பது விதி. அங்கே யாரோ அதைப் படித்துத் தொலைத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்த நகலை அன்றுதான் நானும் படித்தேன். 'இரண்டு மகஜர்களும் என்னால் எழுதப்பட்டவை' என்றிருந்தது. நகலோடு கஜபதியிடம் ஓடினேன்.

"அண்ணனூரு நான் எழுதினதுடா!"

"ரெண்டு பேரும் மாட்டிகினா இன்னா லாபம்? உனுக்கு மூணு பொண்ணுங்க கீது. உட்டுடு."

உண்மையைச் சொல்ல மூன்று நாள் விசாரணை அதிகாரியின் அறை வாசல் வரை போனேன். மூன்று நாளும் திரும்பி வந்தேன். நான் கோழை, வேறென்ன சொல்ல? கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. கஜபதிக்குப் பதவி உயர்வு இல்லை என்று முடிவாயிற்று. அந்த நேர்மையான அறிக்கையில் இருந்த ஒரே பொய் எனக்காகச் சொன்னது.

தொண்ணூற்று நான்கில் எஸ்.ஐ. பட்டியலில் என் பெயர் வந்தது. தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு நான் ஸ்டேஷன் படியேறிய காலையில், விறைப்பாக நின்று முதல் சல்யூட் அடித்தவன் கஜபதி. பதிலுக்கு என் கை எழவில்லை.