கனத்த தோட்டா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் திருவொற்றியூரில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் நான் மேற்பார்வையாளன். சரக்குக் காவலுக்கென்று முதலாளி ஒரு ரிவால்வர் வாங்கி, லைசென்ஸில் என் பெயரையும் சேர்த்தார். ஐந்து தோட்டா போடும் சின்னத் துப்பாக்கி. உடல் அலுமினியம், இடுப்பில் செருகினால் இருப்பதே தெரியாது.

தோட்டா வாங்க யானைக்கவுனிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார பாய் இரண்டு பெட்டிகளை வைத்தார். கனத்த குண்டு உள்ளதை நான் கையில் எடுத்தேன்.

"அது வாணாம் சார். துப்பாக்கி லேசு, ரொம்ப உதைக்கும். லேசான குண்டே போதும். எதை வாங்குனாலும் சுட்டுப் பாத்துட்டு இடுப்புல வையி."

எனக்கு முப்பது வயது. சுட்டால் ஒரே அடியில் விழ வேண்டும் என்று நினைத்தேன். கனத்ததையே வாங்கினேன். சுட்டுப் பார்க்கவில்லை.

மறு வாரம், பட்டப்பகலில், ஒரு வெறிநாய் ஆலை முற்றத்துக்குள் நுழைந்தது. வாயில் நுரை. தோல் அலசிக்கொண்டிருந்த பெண்கள் தொட்டிகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். நான் நாய்க்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றேன்.

முதல் வெடியிலேயே மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. குண்டு மண்ணில். இரண்டாவதும் மூன்றாவதும் எங்கே போயின என்றே தெரியவில்லை. நாய் என்னை நோக்கித் திரும்பியது. நான்காவதற்கு விசையை அழுத்தினேன். அசையவில்லை. இரண்டு விரலால் அழுத்தினேன். தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழலாமல் கல்லாகச் சிக்கி நின்றது.

"இன்னா நிக்கிற? தள்ளு!"

குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு அம்மாள், தொட்டியிலிருந்து குதித்து, சொட்டச் சொட்ட ஈரமாயிருந்த மாட்டுத்தோலை நாயின் மேல் வீசி அமுக்கினாள். ஆட்கள் தடியோடு ஓடி வருவதற்குள் தோலுக்கு வெளியே நீண்ட வாயின் பல் அவள் முன்கையில் பதிந்துவிட்டது.

அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினமும் கூடப் போனேன்.

மூன்றாம் நாள் ஊசி முடிந்ததும் துப்பாக்கியை பாயிடம் கொண்டுபோனேன். உருளையை நெம்பித் திறந்து, வெடிக்காத தோட்டா ஒன்றைக் காட்டினார்.

"பாத்தியா? மூணு தபா உதைச்ச உதைல, உள்ள கீற குண்டு மூக்கை நீட்டிக்கினு வெளிய வந்துட்டுது. அது முன்னாடி சட்டத்துல இடிச்சா உருளை எப்டி சுத்தும்?"

லேசான குண்டு வாங்கிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, எர்ணாவூர் தாண்டி ஆளில்லாத மணல்மேட்டில் சுட்டேன். ஐந்து போட்டு நான்கு சுடுவேன்; ஐந்தாவதை எடுத்துப் புதுத் தோட்டாவோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். குண்டு முன்னால் நகரவில்லை. இரண்டு பெட்டி தீரும்வரை இதையே செய்தேன்.

பதினாலாம் நாள் திரும்பி வரும் வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் எச்சரித்ததையும் மறைக்கவில்லை. ஊசி குத்திய வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் நின்றாள்.

"சுட்டுப் பாக்கலியா நீ?"

"இல்லைம்மா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெறிநோய் கண்டவருக்குத் தண்ணீர் இறங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்; அந்த ஆண்டு முழுவதும், காலையில் அவள் தண்ணீர் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு வேலை ஓடும்.