ஆடி கழியட்டும் என்றேன்

சுங்குவார்சத்திரத்தில் அந்த வீட்டை நான் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டியவள் நான்தான். இன்று என் பேரில் மூன்று வீடுகள், மூன்றும் வாடகைக்கு விட்டவை. கெட்டிக்காரி என்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்கு அலுப்பாக வருகிறது. எப்படி ஆரம்பித்தாய் என்று யாராவது கேட்டால், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தேன் என்று சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். ஆரம்பம் அதுவல்ல.

எழுபதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்து சுகாதார நிலையம் ஒன்றில் நான் நர்ஸாக இருந்தேன். என் கணவருக்கு வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் குமாஸ்தா வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறியிருந்தோம். ஒரு வீட்டில் கிணற்றில் நாலு குடத்துக்கு மேல் இறைக்கக் கூடாது. இன்னொன்றில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரைப் படுக்கப் போட்டுத்தான் தேதி பார்த்தோம். சாமான் மூட்டை கட்டிக் கட்டியே என் இடுப்பு விட்டுப்போயிற்று.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு போர்ஷன் உள்ள வீடாக ஒன்று வாங்க வேண்டும். ஒன்றில் நாங்கள் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விட வேண்டும். வருகிற வாடகையைச் சேர்த்து வைத்து இன்னொரு வீடு. வாத்தியார்களும் பேங்க் ஆட்களும் வீடு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த ஊர் அது. கணவரிடம் சொன்னபோது, "இன்னா, ஜமீன்தாரிணி ஆவலாம்னு பாக்கிறியா?" என்று கேட்டார். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரேதான் வீடு விசாரிக்கக் கிளம்பினார்.

அவர் விசாரித்ததில் ஒன்றும் அமையவில்லை. வீடு தானாகவே என்னிடம் வந்தது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருந்தார். கால் வீக்கம் என்று மருந்துக்கு வருவார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், இரண்டு மகன்களும் மெட்ராஸில். ஒரு நாள் மாத்திரையை மடியில் முடிந்துகொண்டே, "நர்சம்மா, வூட்டை வித்துடலாம்னு கீறேன். நீ வாங்கிக்கிறியா?" என்றார். ஓட்டு வீடு. முன்னால் இரண்டு போர்ஷன், பின்கட்டில் தனியாக ஓர் அறை. அவர் சொன்ன விலையைக் கேட்டு, இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

விலை குறைத்ததற்குக் காரணம் இருந்தது. மனைவி படுக்கையில் கிடந்த காலத்தில் சமைத்துப்போட ஒரு விதவை அம்மாள் வந்தாள். மனைவி இறந்த பிறகும் அந்தப் பின்கட்டு அறையிலேயே தங்கி, இவருக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊர் கண்டபடி பேசிற்று. இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பின்னாடி ரூம்புல அது இருந்துக்கும். அது உசுரோட இருக்கற வரிக்கும் யாரும் வாடகை கேக்கக் கூடாது. பத்திரத்துலயே எழுதிடணும்," என்றார் பெரியவர். "நான் சம்பாரிச்ச வூடு, எவன் கையெழுத்தும் வாணாம். நான் கண்ண மூடுனா மறுநாளே என் புள்ளைங்க அதைத் தொரத்திடுவானுங்க."

சரி என்றேன். வெள்ளைத்தாளில் எழுதி முன்பணமும் கொடுத்தேன். மீதிக்கு நான் போட்டிருந்த கடன் கைக்கு வந்தபோது ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெரியவர் அன்றே மூச்சு வாங்க நடந்து வந்து, வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்விடலாம் என்றார்.

"ஆடி கழியட்டும் பெரியவரே," என்றேன். "மொத மொதல்ல வாங்கற சொத்து. ஆவணியில நல்ல நாளாப் பாத்து வெச்சுக்கலாம்."

"எனுக்கு ஆடி இன்னா, ஆவணி இன்னா. சீக்கிரம் முடிச்சா தேவலாம்மா," என்றார். என் கணவர்கூட, "லீவு போடறேன், போயிட்டு வந்துடலாம்," என்றார். நான் பிடித்த பிடியை விடவில்லை. தொப்புள்கொடியில் சாம்பல் வைக்காதே, மந்திரிக்கப் போகாதே என்று நாள் முழுக்க ஊர்ப் பெண்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். சொந்தக் காசு என்று வந்ததும் காலண்டரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே, அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு என் கணவருக்குச் சந்திராஷ்டமம். வேண்டாம் என்றுவிட்டேன்.

இதை எழுத இன்றும் கை கூசுகிறது. பெரியவர் கணுக்காலில் கட்டை விரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று படித்துவிட்டுத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், அவர் போகவில்லை. தீபாவளி வரை தாங்குவார், ஆவணிக்கென்ன அவசரம் என்று எனக்கு நானே நாள் எண்ணிக்கொண்டேன்.

ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் அந்த அம்மாள் செருப்பில்லாமல் சுகாதார நிலையத்துக்கு ஓடி வந்தாள். "காப்பி வெச்சிக்கினு எழுப்புனேன் நர்சம்மா, எழுந்துக்கல," என்றாள். நான் போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

மகன்கள் மரியாதையானவர்கள்தான். என் முன்பணத்தைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்கட்டு அறை விஷயத்தைச் சொன்னேன். "சமையக்காரிக்கு வூடாம்மா? நல்லா கீதே," என்று பெரிய மகன் சிரித்தான். அவர் வாயால் என்னிடம் சொன்னார் என்றேன். பத்திரம் கீதா என்று கேட்டான். என்னிடம் இருந்தது முன்பணத்துக்கு எழுதிய வெள்ளைத்தாள்தான், அறைப் பேச்சு அதில் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த அம்மாள் ஒரு தகரப் பெட்டியோடு தெருவுக்கு வந்தாள். மண்ணூரில் தம்பி வீட்டுக்குப் போகிறாள் என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. என்ன முகத்தோடு போவது.

அடுத்த வருஷம் அதே ஊரில் வேறொரு வீடு அமைந்தது. பின்பக்கம் ஓர் அறை இதிலும் இருந்தது. நல்ல முகூர்த்தத்தில் பதிவு செய்து, கிரகப்பிரவேசத்துக்கு ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டேன். பாத்திரம் கழுவ சமையல்காரர் கூட்டி வந்த ஆட்களில் அவளும் இருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். தம்பி பெண்டாட்டிக்குப் பிடிக்கவில்லை, கோயில் பக்கம் யார் கொட்டகையிலோ படுத்துக்கொள்கிறேன் என்றாள். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பந்தி முடிந்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள்.

"இந்த ரூம்ப வாடகைக்கு வுடுவியா நர்சம்மா?"

"விடத்தான் போறேன்."

"எவ்ளோம்மா?"

சும்மா இருந்துக்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடன் இருந்தது, அந்த வாடகையை வைத்துத்தான் அடுத்த வீடு என்ற திட்டம் இருந்தது. என் வாயிலிருந்து தொகைதான் வந்தது. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அவ்ளோ என்னால ஆவாதும்மா," என்று சொல்லிவிட்டு, தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுமாதமே அந்த அறைக்கு ஒரு வாத்தியார் வந்தார். நான் சொன்ன வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்தார்.