ஆடியில் ஏறிய வட்டி

வீட்டுக்கடன் பிரிவில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் பல பேர். குமரேசன் அழவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர். ஆவணி பிறந்ததும் வந்தார். "மேடம், பதினைஞ்சு லட்சம்னு லெட்டர் குடுத்தீங்களே, இப்போ ஏன் கொறைக்கிறீங்க?" என்றார். குரலே எழும்பவில்லை.

வாடகைக்கு இருந்த வீட்டை ஓனர் விற்கப்போகிறார் என்றதும், அதைத் தானே வாங்கிக்கொள்ள இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டிருந்தார். ஆவணிக்குள் பத்திரம் பதியாவிட்டால் அட்வான்ஸ் போச்சு. ஆனிக் கடைசியிலேயே எங்கள் வங்கியில் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. உடனே பதியுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ஆடி பொறக்கப் போவுதும்மா, ஆடில யாரு பத்திரம் போடுவாங்க?" என்று போய்விட்டார். அவரைச் சொல்லி என்ன? ஆடியில் நம் ரிஜிஸ்டர் ஆபீஸே ஈ ஓட்டும். வட்டிக்கு ஏது ஆடியும் ஆவணியும்? அந்த இடைவெளியில் ரேட் இரண்டு முறை ஏறிவிட்டது.

வீடு வாங்கப் போகிற பிள்ளைகளே, சாங்ஷன் லெட்டரில் போட்டிருக்கும் ஃப்ளோட்டிங் வட்டி, வங்கி கொடுத்த வாக்குறுதி அல்ல. பணம் கைக்கு வரும் நாளில் என்ன ரேட்டோ அதுதான். ரேட் ஏறினால், அதே இ.எம்.ஐ.க்குக் கிடைக்கும் கடன் குறையும். கடன் குறையாமல் இருக்கவேண்டும் என்றால் தவணைக் காலத்தை நீட்டவேண்டும். குமரேசனுக்கு வயது ஐம்பத்து மூன்று. அறுபத்தைந்துக்குள் கடன் முடியவேண்டும் என்பது எங்கள் விதி. நீட்ட வழியில்லை. எழுபதாயிரம் துண்டு விழுந்தது. நகையெல்லாம் ஏற்கெனவே அடகுக் கடையில்.

மனசு கேட்காமல் அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் குமரேசன், பக்கத்தில் அவர் மனைவி பூங்கொடி, கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோர்க்கிற கோர்வைச் சேலை. ஒருவர் மட்டும் உட்கார்ந்து நெய்துவிட முடியாது.

"உன் வயசென்னம்மா?"

"நாப்பத்திரண்டு, மேடம்."

"கூலி யார் பேர்ல வருது?"

"அவரு பேர்லதான். எங்க தெருவுல எல்லாருக்கும் அப்டித்தான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தறியில் இரண்டு பேர், எங்கள் ஃபைலில் ஒரே ஒருவர்! இவளும் சம்பாதிக்கிறாள் என்று, கூலி கொடுக்கும் நெசவாளர் சொசைட்டி எழுதிக் கொடுத்தால், கோ-அப்ளிகன்ட்டாகச் சேர்த்து, இவள் வயதை வைத்து இருபது வருடத் தவணை போடலாம். முழுத் தொகையும் கிடைக்கும் என்றேன். காலம் நீண்டால் கட்டும் மொத்த வட்டி கூடும் என்பதையும் மறைக்கவில்லை. கையில் காசு சேரும்போதெல்லாம் அசலில் கட்டினால் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அதற்கு அபராதம் கிடையாது என்றும் விளக்கினேன்.

குமரேசன் தறியை விட்டு எழவில்லை. "பொம்பள பேர்ல கூலின்னா தெருவுல என்னா பேசுவாங்க மேடம்?"

"அட்வான்ஸ் போனா என்ன பேசுவாங்க?" நானும் விடவில்லை.

மறுநாள் சொசைட்டிக்கு மூவரும் போனோம். செயலாளரிடம் குமரேசன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "பாதிக் கூலி அவளுதுதான் சார். எழுதிக் குடுங்க."

பூங்கொடி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து அவரைப் பார்த்துக் கேட்டாள்: "இருவது வருசமா பக்கத்துலதானேய்யா உக்காந்துக்கினு இருக்கேன். வட்டி ஏறுனாதான் கண்ணுக்குத் தெரிவேனா?"

 

ஆவணி முடிவதற்குள் பத்திரம் பதிவாயிற்று, இருவர் பேரிலும். அதன்பின் ரிடையர் ஆகும்வரை, வட்டி எவ்வளவு என்று கேட்டு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்டது, "வீட்ல சம்பாதிக்கிறது யாரு?" என்பது. அடுத்தது, "வீட்ல வேலை செய்யறது யாரு?" இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.